மூன்று ஆட்டத்தில் ஒரு வீரனை எடை போடலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரம் கேம்ஸ் விளையாடுவார்கள். அடுத்த வாரம் குடும்பப் போட்டோக்களை எல்லாம் காப்பி செய்து வைப்பார்கள். பிறகு ஒரு நாள் எக்ஸெல் புரோகிராமைத் திறந்து பார்ப்பார்கள். அன்று முதல் பால் கணக்கு, கரண்ட் பில், பிள்ளைகளின் மார்க் என்று கையில் கிடைக்கும் எண்கள் எல்லாம் ஷீட்டில் ஏறிவிடும். கூட்டல், சராசரி, கலர் கலராகச் சார்ட் என எல்லாமே நொடியில் கிடைக்கின்றன. இந்த வசதி நமக்கு ஒரு மயக்கத்தையும் தருகிறது. திரையில் இரண்டு தசமத்தோடு ஓர் எண் தெரிந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

அந்த மயக்கத்தில் நான் செய்த ஒரு தவறை இந்த மாதம் எழுதுகிறேன். விஷயம் ஹாக்கி. எக்ஸெல் பற்றிய பக்கத்தில் ஹாக்கி எதற்கு என்று கேட்காதீர்கள். வளரும் பிள்ளை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அது விளையாடினாலும் பாடினாலும் படித்தாலும், நான் செய்த தவறை நீங்களும் செய்ய வாய்ப்பு உண்டு.

அரியலூர்க்காரரின் முதல் கோல்

நான் பெரம்பலூரில் இருக்கிறேன். அக்காவைக் கட்டிக் கொடுத்தது சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி உள்ள அரியலூரில். எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிமெண்ட் பேக்டரியையும், சின்ன வெங்காயத்தையும், மக்காச்சோளத்தையும்தான் சொல்வார்கள். விளையாட்டு என்று யாரும் சொன்னதில்லை.

2022 மே 23 அன்று அது மாறியது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்தியாவின் முதல் ஆட்டமே பாகிஸ்தானுடன். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் இந்திய அணிக்காகக் களம் இறங்கிய முதல் சர்வதேச ஆட்டமும் அதுதான். முதல் கால் பகுதியிலேயே இந்தியாவுக்குக் கோல் கிடைத்தது. அடித்தவர் கார்த்தி. கடைசி நேரத்தில் பாகிஸ்தான் ஒரு கோல் போட்டதால் ஆட்டம் 1-1 என டிரா ஆனது. அந்தப் போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றது. அதே அணியில் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார்.

முதல் ஆட்டம், எதிரணி பாகிஸ்தான், நம்ம ஊர்ப் பையன் கோல். சொல்ல வேண்டுமா? அடுத்து உலகக் கோப்பை, அதற்கடுத்து ஒலிம்பிக் என்று என்னைப் போன்றவர்கள் டீக்கடையிலேயே டிக்கெட் போட்டுவிட்டோம்.

2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி போட்டி சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நடந்தது. அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு அரியலூரில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினேன். ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவுடன் ஆட்டம். இந்தியா 5-0 என்று வென்றது. முதல் கோல் கார்த்தியுடையது. கூட்டம் போட்ட சத்தத்தில் என் மருமகன் என் தோளில் ஏறாத குறைதான். திரும்பி வரும்போது ரயிலில் ஒரே பிடிவாதம். "மாமா, எனக்கு ஹாக்கி ஸ்டிக் வேணும்."

என் எக்ஸெல் ஜோசியம்

அடுத்த ஆண்டு அவன் பள்ளி அணியில் பார்வர்டாகச் சேர்ந்தான். முதல் ஆட்டத்தில் 1 கோல், இரண்டாவதில் 1 கோல், மூன்றாவதில் 3 கோல். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.

ஆட்டோசம் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை கிளிக் செய்தால் ஆவரேஜ் என்று வரும் அல்லவா? அதைத் தேர்ந்தெடுத்தேன். ஓர் ஆட்டத்துக்கு 1.67 கோல் என்றது. அதோடு விட்டேனா? மூன்று செல்களையும் செலக்ட் செய்து, அவற்றின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தேன். எக்ஸெல் தயங்காமல் அடுத்த ஆட்டங்களுக்கும் எண் போட்டுக் கொடுத்தது. நான்காவது ஆட்டத்தில் 3.67 கோல். ஐந்தாவதில் 4.67. பத்தாவது ஆட்டத்தில் 9.67 கோல்!

ஓர் ஆட்டத்தில் ஒரு பையன் ஒன்பதே முக்கால் கோல் அடிப்பானா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன், சிரித்தேன். ஆனாலும் மேல் நோக்கிப் போகும் அந்தக் கோட்டை ரசித்தேன். கலர் சார்ட்டாக மாற்றி, மேலே பெரிய எழுத்தில் "அரியலூரின் அடுத்த கார்த்தி" என்று தலைப்புக் கொடுத்து, பிரிண்ட் எடுத்து அக்கா வீட்டுக்குக் கொண்டு போனேன். மாமா அதை ஹால் சுவரில் ஒட்டினார். வீட்டுக்கு வருபவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் பையனின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த நான்கு ஆட்டங்களில் அவன் ஒரு கோல் கூட அடிக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை அக்கா போன் செய்தாள். "தம்பி, இவன் இன்னிக்கு பிராக்டிஸுக்குப் போகலைங்கறான். ஸ்டிக்கை பரண் மேல போட்டுட்டான். நீ வந்து என்னன்னு கேளு."

போனேன். சுவரில் சார்ட் இல்லை. அவனே கிழித்துவிட்டானாம். நான் பேச்சைத் தொடங்குமுன் அவன் கேட்டான். "மாமா, நான் கோட்டை விட்டு கீழ வந்துட்டேன் இல்ல?"

நான் போட்ட கோடு அது. அவன் போட்டது இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தக் கோட்டைத் தன்னுடைய கடமை என்று நினைத்துக்கொண்டு நான்கு ஆட்டமாக அதன் பின்னால் ஓடியிருக்கிறான். எனக்குப் பதில் வரவில்லை.

பழைய கணக்குகள் என்ன சொல்கின்றன?

அன்று இரவு பெரம்பலூர் திரும்பியதும் மறுபடியும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இந்த முறை மருமகனின் எண்களை விட்டுவிட்டு, பெரிய வீரர்களின் ஆரம்பம் எப்படி இருந்தது என்று ஒரு ஷீட் போட்டுப் பார்த்தேன். ஹாக்கியை விட கிரிக்கெட்டில் பழைய கணக்குகள் துல்லியமாகக் கிடைக்கும் என்பதால் நான்கு சுழல் பந்து வீச்சாளர்களை எடுத்துக்கொண்டேன்.

முதலில் சென்னையின் லட்சுமண் சிவராமகிருஷ்ணன். 1983 ஏப்ரலில், 17 வயதில், மேற்கிந்தியத் தீவுகளில் முதல் டெஸ்ட். விக்கெட் எதுவும் இல்லை. இரண்டாவது டெஸ்ட் 1984 நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. இரண்டு இன்னிங்சிலும் தலா 6, மொத்தம் 12 விக்கெட். இந்தியா வென்றது. ஐந்து டெஸ்ட் கொண்ட அந்தத் தொடரில் மட்டும் 23 விக்கெட். இனிப் பதினைந்து ஆண்டுகளுக்கு இந்தியாவுக்கு ஸ்பின்னர் கவலை இல்லை என்றுதான் அன்று எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அவர் ஆடிய மொத்த டெஸ்ட்டுகள் 9. மொத்த விக்கெட்டுகள் 26. அந்த ஒரு தொடரைக் கழித்தால் மீதி நான்கு டெஸ்ட்டில் 3 விக்கெட்தான். இதில் அவர் திறமையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பம்பாய் டெஸ்ட்டை வைத்துக் கோடு போட்டவர்களின் கணக்குத்தான் தவறு.

அடுத்து அதே சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின். 2011 நவம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட். 9 விக்கெட், ஆட்ட நாயகன் விருது. 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றபோது 106 டெஸ்ட்டில் 537 விக்கெட். இவர் விஷயத்தில் ஆரம்பம் சொன்னது பலித்தது.

மூன்றாவது, இலங்கைத் தமிழரான முத்தையா முரளிதரன். 1992 ஆகஸ்டில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். 3 விக்கெட். இவரை உலகின் முதல் இடத்துக்கு வருவார் என்று அந்த 3 விக்கெட்டைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியுமா? முடிவில் 800 விக்கெட்.

நான்காவது ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன். 1992 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். 150 ரன் கொடுத்து 1 விக்கெட். அந்த ஆட்டத்தோடு அவரை மறந்திருந்தால் 708 விக்கெட்டுகள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இப்போது முதல் டெஸ்ட்டின் விக்கெட்டுகளை ஒரு நெட்டு வரிசையிலும் மொத்த விக்கெட்டுகளை அடுத்த நெட்டு வரிசையிலும் டைப் செய்யுங்கள். 0, 9, 3, 1 என்று ஒரு பக்கம். 26, 537, 800, 708 என்று மறுபக்கம். முதல் வரிசையைப் பார்த்து இரண்டாவதைச் சொல்ல உங்களால் முடிகிறதா? என்னால் முடியவில்லை.

அமெரிக்காவில் இதையே கோடிக்கணக்கான டாலர் செலவில் செய்கிறார்கள். அமெரிக்கன் புட்பால் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. அணியின் தாக்குதல் முழுவதும் அவர் கையில்தான் தொடங்கும். பந்தை யாருக்கு எறிய வேண்டும் என்பதை இரண்டு மூன்று நொடியில் முடிவு செய்ய வேண்டியவர் அவர். ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்வு செய்கின்றன. 1998ல் முதல் இடத்தில் பேட்டன் மேனிங் என்ற குவார்ட்டர்பேக்கும், இரண்டாம் இடத்தில் ரையன் லீப் என்ற குவார்ட்டர்பேக்கும் எடுக்கப்பட்டனர். இருவரில் யார் சிறந்தவர் என்று அன்று பெரிய விவாதமே நடந்தது. முதல் ஆண்டில் மேனிங் எறிந்த பந்துகளில் 28 எதிரணியின் கைக்குப் போயின. அவர் அணி ஆடிய 16 ஆட்டங்களில் 13ல் தோற்றது. அந்த ஆண்டோடு கணக்கை மூடியிருந்தால் அவர் தோல்வி. பின்னாளில் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதை ஐந்து முறை வாங்கினார். லீப் சில ஆண்டுகளிலேயே ஆட்டத்தை விட்டுப் போனார். 2000ஆம் ஆண்டுத் தேர்வில் 199வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி, சூப்பர் பவுல் எனப்படும் அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியை ஏழு முறை வென்றார். தேர்வுக் குழு, வீடியோ, ஓட்டப் பரிசோதனை, கம்ப்யூட்டர் என எல்லாம் வைத்திருப்பவர்களே இப்படித் தவறும்போது, மூன்று செல்லை வைத்துக்கொண்டு நான் எம்மாத்திரம்?

கார்த்தியின் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் கோல் அடித்தவர், 2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பைக்கான இந்திய அணியில் இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் ரூர்கேலாவில், உலகக் கோப்பையை வென்றிருந்த ஜெர்மனியை இந்தியா 6-3 என்று தோற்கடித்தபோது இரண்டு கோல் அடித்தார். ஆகஸ்டில் சென்னையில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். அடுத்து நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டு அணியில் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் இல்லை. இதைச் சார்ட்டாகப் போட்டால் நேர்கோடு வராது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நாட்டுக்காக ஆடும் ஒருவரின் வளர்ச்சியே இப்படி இருக்கும்போது என் மருமகனிடம் மட்டும் நான் நேர்கோட்டை எதிர்பார்த்தது என்ன நியாயம்?

கோலை மட்டும் எண்ணினால் என்ன தவறு?

ஹாக்கியில் ஓர் ஆட்டம் 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள், மொத்தம் 60 நிமிடம். 'டி' என்று சொல்கிறோமே, கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம், அதற்குள் இருந்து அடித்தால்தான் கோல். நினைத்த நேரமெல்லாம் ஆளை மாற்றலாம் என்பதால் பார்வர்ட் முழு நேரமும் களத்தில் இருக்க மாட்டார். இந்த நிலையில் ஒரு பையனுக்கு ஓர் ஆட்டத்தில் கோல் வாய்ப்பு இரண்டோ மூன்றோதான் வரும். கோல்கீப்பர் புதுப் பையனாக இருந்தால் அது கோல். பந்து ஒரு கல்லில் பட்டுத் துள்ளினால் கோல் இல்லை. இப்படி அபூர்வமாக நடக்கும் ஒன்றை மூன்று ஆட்டத்தில் எண்ணினால் நாம் எண்ணுவதில் பாதி அதிர்ஷ்டம்தான்.

அடிக்கடி நடக்கும் செயல்கள் வேறு. பந்தை நிறுத்துவது, எதிராளியிடம் இருந்து பறிப்பது, 'டி'க்குள் கொண்டு போவது, பாஸ் கொடுப்பது ஆகியவை ஓர் ஆட்டத்தில் பல முறை நடக்கின்றன. பல முறை நடப்பதில் அதிர்ஷ்டம் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பழக்கமும் திறமையும்தான் மிஞ்சும். எனவே ஒரு பையனின் வளர்ச்சியைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இவற்றைத்தான் எண்ண வேண்டும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழி பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லும் விவசாயி முளையில் எதைப் பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள். எங்கள் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களைக் கேட்டால், நெருக்கி விதைத்த பயிர்தான் முதலில் சரசரவென்று உயரும் என்பார்கள். அந்த உயரத்தைப் பார்த்து யாரும் விளைச்சலைச் சொல்ல மாட்டார்கள். இலையின் நிறம், தண்டின் பருமன் இரண்டையும் பார்ப்பார்கள். 2018ல் படைப்புழு வந்து வயல்களை அழித்த பிறகு குருத்தைப் பிரித்துப் பார்க்காமல் எவரும் பேசுவதில்லை. நான் உயரத்தை மட்டும் அளந்து பிரிண்ட் எடுத்தவன்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம். இரண்டிலும் வேலை ஒன்றுதான். புதிய ஷீட் ஒன்றைத் திறந்து முதல் படுக்கை வரிசையில் கீழ்க்கண்ட தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, எதிரணி, ஆடிய நிமிடங்கள், 'டி'க்குள் பந்தைக் கொண்டு போனது, கோலை நோக்கி அடித்தது, பறித்த பந்து, பறிகொடுத்த பந்து, கோல். கோலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கண் முதலில் அங்கே போகக் கூடாது.

ஆட்டத்தை மொபைல் போனில் படம் எடுத்து, பைலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, நிதானமாக ஓட விட்டு எண்ணுங்கள். மைதானத்தில் கத்திக்கொண்டே எண்ணினால் கணக்குத் தப்பும். எனக்குத் தப்பியிருக்கிறது.

ஆடிய நிமிடங்கள் என்ற வரிசையை விட்டுவிடாதீர்கள். 20 நிமிடம் ஆடியவனையும் 50 நிமிடம் ஆடியவனையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒவ்வோர் எண்ணையும் நிமிடத்தால் வகுத்து 60ஆல் பெருக்கினால் முழு ஆட்டக் கணக்கு கிடைக்கும்.

கோல் சராசரியைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. புள்ளியியலில் பழகிய வழிதான். பையன் ஏற்கெனவே பத்து சாதாரண ஆட்டங்களை ஆடிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்திலும் மற்ற பையன்கள் அடிக்கும் சராசரியையே அவனும் அடித்தான் என்று கொள்ளுங்கள். அதன் மேல் அவனுடைய உண்மையான ஆட்டங்களைச் சேருங்கள். பத்து என்பது கல்லில் எழுதிய எண் அல்ல. எட்டோ பன்னிரண்டோ கூட வைத்துக்கொள்ளலாம்.

என் ஷீட்டில் இருந்த பார்வர்ட் பையன்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஆட்டத்துக்கு அரை கோல். ஆகவே பத்து ஆட்டத்துக்கு 5 கோல். என் மருமகன் மூன்று ஆட்டத்தில் அடித்தது 5. இரண்டையும் கூட்டினால் 13 ஆட்டத்தில் 10 கோல். சராசரி 0.77. முதலில் நான் பார்த்த 1.67க்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். கோலே இல்லாத அடுத்த நான்கு ஆட்டத்தையும் சேர்த்தால் 17 ஆட்டத்தில் 10 கோல். சராசரி 0.59. சாதாரணக் கணக்கில் 1.67ல் இருந்து 0.71க்கு விழுந்தவன், இந்தக் கணக்கில் 0.77ல் இருந்து 0.59க்குத்தான் வந்திருக்கிறான். முதலில் ஆகாயத்திலும் இல்லை, இப்போது பாதாளத்திலும் இல்லை.

அதே அணியில் மூன்று ஆட்டத்தில் ஒரு கோலும் அடிக்காத இன்னொரு பையன் இருந்தான். அவனுக்கு 13 ஆட்டத்தில் 5 கோல் என்று கணக்காகும். 0.38. என் பழைய ஷீட்டில் 0.00 என்று எழுதி அவனை நான் ஒதுக்கியே வைத்திருந்தேன். அவனுடைய அப்பா கம்ப்யூட்டர் வைத்திருந்து, அந்தப் பூஜ்யத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். நல்லவேளை, வைத்திருக்கவில்லை.

தேர்வாளர் என்ன செய்வார்?

இங்கே ஒரு கேள்வி வரும். "நீங்கள் மாமா, காத்திருக்கலாம். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர் ஒரே நாளில் நூறு பிள்ளைகளைப் பார்த்து இருபது பேரை எடுக்க வேண்டும். அவர் எப்படிக் காத்திருப்பார்?" நியாயமான கேள்விதான். முடிவு எடுத்துத்தான் ஆக வேண்டும். காத்திருந்தால் இடமும் போகும், வயதும் போகும்.

என் கருத்து இதுதான். முடிவு எடுங்கள், ஆனால் கதவைப் பூட்டாதீர்கள். இன்று எடுக்காத பிள்ளையை அடுத்த ஆண்டு மறுபடி பார்க்க ஒரு வழி வேண்டும். இன்று எடுத்த பிள்ளை இரண்டு மாதம் சோபிக்காவிட்டால் உடனே மூட்டை கட்டி அனுப்பாமல் இருக்கவும் ஒரு பொறுமை வேண்டும். சிறிய ஊர்களில் இது இன்னும் முக்கியம். பெரிய நகரத்தில் ஒரு கிளப்பில் இடம் கிடைக்காத பிள்ளை இன்னொரு கிளப்பைத் தேடிப் போகலாம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அந்த ஒரு மைதானம், அந்த ஒரு வாத்தியார்தான். அங்கே "இவன் தேற மாட்டான்" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அது அந்தப் பிள்ளைக்குக் கடைசித் தீர்ப்பு. "இவன் அடுத்த கார்த்தி" என்று மூன்றாவது ஆட்டத்திலேயே சொல்வதும் அதே போன்ற தீர்ப்புத்தான். அதைச் சுமந்துகொண்டு ஓட முடியாமல்தான் என் மருமகன் ஸ்டிக்கைப் பரணில் போட்டான்.

பரணில் இருந்து இறங்கிய ஸ்டிக்

கோலே அடிக்காத அந்த நான்கு ஆட்டங்களையும் மாமா மொபைலில் எடுத்து வைத்திருந்தார். பைல்களை வாங்கி வந்து இரண்டு இரவு உட்கார்ந்து எண்ணினேன். 'டி'க்குள் அவன் பந்தைக் கொண்டு போனது ஆட்டத்துக்கு ஆட்டம் குறையவே இல்லை. ஒரு குறை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பறிகொடுத்த பந்துகளில் பெரும்பாலானவை அவனுடைய இடது பக்கம் வந்தவை. ஹாக்கி ஸ்டிக்கில் தட்டையான பக்கத்தால் மட்டும்தான் பந்தை ஆட வேண்டும். இடது பக்கம் வரும் பந்துக்கு ஸ்டிக்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதில் அவன் திணறுகிறான்.

ஷீட்டை அவனுடைய பி.டி. சாரிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது எனக்குத் தெரியும் சார். கோல் விழுந்துகிட்டு இருந்தப்போ சொன்னேன், அவன் கேக்கலை. இப்ப கேப்பான்."

கேட்டான். பரணில் இருந்து ஸ்டிக்கை அவனே இறக்கினான். நான் ஒன்றும் பெரிய அறிவுரை சொல்லவில்லை. நான்கு ஆட்டத்தின் எண்களைத் திரையில் காட்டி, "கோலைப் பார்க்காதே, இந்த ஒரு வரிசையை மட்டும் குறைச்சுக் காட்டு" என்றேன். பறிகொடுத்த பந்து என்ற வரிசை அது. கோல்கீப்பரும் கல்லும் அதிர்ஷ்டமும் அதிகம் குறுக்கே வராத வரிசை. அவன் கைக்குள் இருக்கும் வேலை.

இப்போதும் ஆடுகிறான். சில ஆட்டத்தில் கோல் வருகிறது, பல ஆட்டத்தில் வரவில்லை. ஆட்டம் முடிந்து போன் செய்தால் முதலில் அவன் கேட்பது, "மாமா, இன்னிக்கு எத்தனை விட்டேன்?" என்பதுதான். அவன் மாநில அணிக்குப் போவானா, இந்திய அணிக்குப் போவானா, அல்லது கல்லூரியோடு விட்டுவிடுவானா என்று அக்கா இன்னமும் கேட்கிறாள். தெரியாது அக்கா என்றுதான் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் தம்பிக்கே தெரியவில்லையா என்று அவளுக்கு ஒரு குறை.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைக்காக இப்படி ஷீட் தொடங்கினால் மூன்று விஷயங்களை மனதில் கொள்ளுங்கள். பத்து ஆட்டம் ஆகும் வரை சராசரி வரிசையைப் போடாதீர்கள். மூலையைப் பிடித்துக் கீழே இழுக்கும் ஆசை வந்தால் கையை மவுசில் இருந்து எடுத்துவிடுங்கள். ஷீட்டைத் தேதியோடு சேவ் செய்து வையுங்கள். பிரிண்ட் மட்டும் எடுக்காதீர்கள்.